காசிமேட்டிலிருந்து நாயை இங்கிலாந்துக்குக் கூட்டி வரலாமா? அவசரம்

காசிமேட்டுப் பொண்ணு: வணக்கம். நர்ஸ் வேலைக்கு இங்கே வந்து அஞ்சு மாதம் ஆகிறது. ஊரில் அம்மாவிடம் என் நாய் இருக்கிறது. கருப்பன், நாட்டு நாய். அம்மா அடுத்த மாதம் எண்ணூருக்கு அண்ணன் வீட்டோடு போகிறார், அண்ணிக்கு நாய் என்றாலே ஆகாது. நேற்று ராத்திரி போனில் அம்மா ஒரே அழுகை, எனக்கும் வேலை ஓடவில்லை. அவனை இங்கே கொண்டுவர எவ்வளவு ஆகும்? சீக்கிரம் சொல்லுங்கள், டிக்கெட் போட வேண்டும்.

பெரம்பூர் லீட்ஸ்: செலவை விடுங்க தங்கச்சி, ஷிப்ட் எப்படி? லாங் டே என்றால் காலை ஏழரைக்குப் போய் ராத்திரி எட்டுக்கு இறங்குவீங்க, பஸ்ஸையும் சேர்த்தால் பதினாலு மணி நேரம். நாயை நாலு மணி நேரத்துக்கு மேல் தனியே விடாதீங்க என்று இங்கேயிருக்கிற விலங்கு நல அமைப்பு ஆர்எஸ்பிசிஏ சொல்கிறது. கூட்டி வராதீங்க.

ஒற்றியூரான்: அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் பில் எகிறும் என்று ஜாக்கெட்டோடு படுத்தேன், நாலு மணிக்கே இருட்டிவிடும், ஒரு வாரம் முழுக்க யாரோடும் தமிழ் பேசாமல் இருந்ததுண்டு, கடைக்காரர் 'ஆல்ரைட் மேட்' என்று சொன்னதே பெரிய பேச்சாகத் தெரிந்தது. அப்போது ஒரு நாய் இருந்திருந்தால் எவ்வளவு தெம்பு. கூட்டி வாம்மா, மத்ததைப் பார்த்துக்கலாம்.

வண்ணாரப்பேட்டை அக்கா: யார் பார்ப்பது தம்பி? நான் கேர் ஹோமில் வேலை செய்துகொண்டு நாய் வளர்க்கிறேன். வேலை நாளில் நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டே கேரில் விட வேண்டும், அது சாயங்காலம் ஆறு மணிக்கே மூடிவிடும், அப்புறம் எட்டரை வரைக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி வைத்துக்கொள்கிறார். அந்தப் பாட்டி இல்லையென்றால் என் கதை கந்தல். இதிலும் என் நாய் இங்கேயே குட்டியிலிருந்து வளர்ந்தது. காசிமேட்டு நாய் அப்படியா? பகலில் வாசல் கதவைச் சாத்தாத தெரு, மீன் கூடை இறங்கினால் ஒரு மத்தி, ஸ்கூல் விட்டால் பத்துப் பசங்க. அதை மூணாவது மாடியில் பூட்டிவிட்டுப் போனால் ஊளையிடாமல் என்ன செய்யும்? கீழ்வீட்டார் கவுன்சிலுக்கு எழுதிவிடுவார்.

ஒற்றியூரான்: எழுதுவார்கள்தான். நான் மீன் வறுத்ததுக்கே எழுதினார்கள்.

பெரம்பூர் லீட்ஸ்: எனக்கு வீட்டு ஏஜென்ட் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டான். கறிவேப்பிலை விற்கிற விலையில் ரசத்துக்குத் தாளிப்பதையே விட்டாச்சு.

ஒற்றியூரான்: வஞ்சிரம் கேட்டால் ஐஸ் கட்டியைக் கொடுக்கிறான் அண்ணா. நம்ம ஏலக்கடை முன்னால் இவனை நிறுத்த வேண்டும்.

கல்மண்டபம்: மீனை அப்புறம் பார்க்கலாம், அந்தப் பொண்ணு டிக்கெட் போடப் போகிறது. போடாதீங்க. நாய்க்கு மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கிற அடையாள எண் சிப், இருக்கா? சிப் இல்லாமல் போட்ட ரேபிஸ் ஊசி இங்கே செல்லாது. சிப், ஊசி, 30 நாள் கழித்து அங்கீகரித்த ஆய்வகத்துக்கு ரத்தம், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூணு மாதம் காத்திருப்பு. ஆக நாலு மாதத்துக்குக் குறையாது. கிளம்பும்போது நாடாப்புழு மருந்து, சுகாதாரச் சான்றிதழ், இந்திய அரசின் விலங்கு க்வாரன்டைன் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று. விமானத்தில் நேராக வந்தால் கார்கோவில்தான் வர வேண்டும். நீங்கள் பறக்கும் நாளுக்கும் அது பறக்கும் நாளுக்கும் இடையே அஞ்சு நாளுக்கு மேல் போனால் வியாபார இறக்குமதிக் கணக்கில் போய்விடும், அதனால் லீவை அதற்கேற்ப எடுங்கள். குடிபெயர்ந்தவர்களுக்கான இறக்குமதி வரிச்சலுகை பொதுவாக வந்த 12 மாதத்துக்குள்தான், உங்களுக்கு அஞ்சு மாதம் போயாச்சு. இதையெல்லாம் விட முக்கியம், எந்த மாதிரி வீட்டில் இருக்கீங்க?

காசிமேட்டுப் பொண்ணு: ஓனர் வீட்டிலேயே ஒரு ரூம் அண்ணா. அவங்களும் கூடவே இருக்காங்க. வாரம் மூணு லாங் டே. சிப் போடவில்லை, ஊசி மட்டும் போட்டிருக்கு.

வண்ணாரப்பேட்டை அக்கா: இதை முதலிலேயே சொல்லக்கூடாதா!

கல்மண்டபம்: 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் வாடகைக்காரர் நாய் வைக்கக் கேட்டால் ஓனர் நியாயமான காரணமில்லாமல் மறுக்க முடியாது. ஆனால் ஓனரோடு ஒரே வீட்டில் தங்குகிறவருக்கு அந்தச் சட்டம் இல்லை. அதனால் தனி வீடு முதலில், அதிலும் டே கேர் பக்கத்தில் இருக்கிற வீடு. அது வரைக்கும் கருப்பனை உங்கள் தெருவிலேயே அவனுக்குப் பழக்கமான வீட்டில் விட்டு, சாப்பாட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புங்கள். அங்கேயே நன்றாக இருக்கிறான் என்றால் கூட்டி வரும் பேச்சையே விட்டுவிடலாம். இருந்தாலும் சிப் வேலையை இப்போதே தொடங்குங்கள், மாநகராட்சி லைசென்ஸுக்கும் அது தேவைப்படும்.

காசிமேட்டுப் பொண்ணு: எதிர்வீட்டு மேரி அக்காவிடம் கேட்கிறேன், அவங்க கையால் சாப்பிடுவான். அண்ணன் சனிக்கிழமை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்கிறார்.

கல்மண்டபம்: சரி. சிப் முதலில், ஊசி அப்புறம், ஒரே நாளில் என்றாலும் பரவாயில்லை. சிப் நம்பரும் தேதியும் ஊசி அட்டையில் ஏறியதா என்று அண்ணனை அங்கேயே பார்த்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.