வெளிறிய டாங்கிக்கு வீட்டிலேயே பெயின்ட்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கல்லடியில் இருந்து எழுதுகிறேன். அப்பாவின் பழைய ஹோண்டா சிடி 125 மோட்டார் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. வீடு கடற்கரைக்குக் கிட்ட. வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து பெற்றோல் டாங்கியின் சிவப்பைச் செங்கல் நிறமாக்கிவிட்டன. விரலால் தேய்த்தால் சிவப்புத் தூள் ஒட்டுகிறது. அப்பாவின் திறப்புக்கோர்வை உரசிய இடத்தில் பெயின்டே இல்லை.

கராஜில் கொடுக்க மனமில்லை, என் கையாலேயே ஸ்ப்ரே டின்னால் அடிக்க ஆசை. போன கிழமை முன் மட்காட்டில் அடித்துப் பார்த்தேன். மழை விட்ட கையோடு அடித்ததால் பால் படிந்ததுபோல் வெள்ளை பூத்துவிட்டது. ஈரக்காற்றில் அப்படித்தான் ஆகும் என்று அப்புறம்தான் விளங்கியது. 600 சான்ட் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். சரி, இனி மாரி முடிந்த பிறகுதான்.

என் கவலையெல்லாம் டாங்கிதான். நிறத்துக்கு மேல் அடிக்கும் சாதாரண கிளியர் கோட்டில் பெற்றோல் சிந்தினால் இளகிவிடும். டின்னுக்குள்ளேயே, பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் இருக்கும் 2கே கிளியர் வேண்டும். அதில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருப்பதால் துணி மாஸ்க் போதாது. அந்த டின்னும் அதற்கேற்ற மாஸ்க்கும் மட்டக்களப்பில் எங்கே எடுக்கலாம்?

சீட்டுக்கு அடியில் வெயில் படாத பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து நிறம் கலந்து டின்னில் அடைத்துத் தருபவர்கள் இங்கே, இல்லாவிட்டால் கல்முனையில் இருக்கிறார்களா? சைட் கவர் இரண்டும் பிளாஸ்டிக். அதற்கு எந்த பிரைமர் உரியாமல் நின்றது என்று அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.