டிஃபென்ஸ்ல ஒருத்தருக்குத்தான் பெரிய கான்ட்ராக்ட்னா யாருக்கு? எட்ஜா, கார்னரா, லைன்பேக்கரா?

மூணாவது டவுன் எழுதியது:

என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) கேப், அதாவது டீம் சம்பள உச்சவரம்பு, அந்தக் கணக்கு தெரிஞ்சவங்ககிட்ட ஒரு கேள்வி. ஒரே டீம்ல மூணு பேருக்கு அடுத்த வருஷத்தோட ரூக்கி கான்ட்ராக்ட் (லீக்ல நுழைஞ்சப்போ போட்ட முதல் கான்ட்ராக்ட்) முடியுதுன்னு வச்சுக்குவோம். எட்ஜ் ரஷர் (பந்து எறியற குவார்ட்டர்பேக் மேல ஓரத்துல இருந்து பாயறவர்), வயசு 25, போன சீசன்ல 7 சாக் (எறியறதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கறது). கார்னர் (பந்து பிடிக்கற ரிசீவரை ஒட்டி நிக்கறவர்), வயசு 26, 8 இன்டர்செப்ஷன் (எதிர் டீம் எறிஞ்ச பந்தைப் பிடிக்கறது). மிடில் லைன்பேக்கர் (டிஃபென்ஸ் நடுவுல நிக்கறவர்), வயசு 27, 150 டாக்கிள் (பந்தோட ஓடறவரைப் பிடிச்சுச் சாய்க்கறது). குவார்ட்டர்பேக்குக்கு ஏற்கெனவே கொட்டிக் கொடுத்தாச்சு, அதனால ஒருத்தருக்குத்தான் பெரிய தொகை ஒதுக்க முடியும். எண்களை மட்டும் பார்த்தா கார்னர்தான் ஸ்டார். ஆனா கேட்டா எல்லாரும் எட்ஜைத்தான் காட்டுறாங்க. எதை வச்சு முடிவு பண்றது? செய்தியில வர்ற தொகைக்கும் கேப்ல விழுற தொகைக்கும் ஏன் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு?

கேப் கணக்கு எழுதியது:

முதல்ல டாலரை விட்டுட்டுச் சதவீதத்துல பாருங்க. 2018ல கலீல் மேக் பேர்ஸுக்குப் போனப்போ வருஷ சராசரி 23.5 மில்லியன். அன்னைக்கு கேப் 177.2 மில்லியன், அதுல 13 சதவீதம் சொச்சம். 2025 கேப் 279.2 மில்லியன். அதே சதவீதத்துக்கு அந்த வருஷம் 37 மில்லியன் ஆகும். மைக்கா பார்சன்ஸ் பேக்கர்ஸ்ல வாங்கினது 47, கிட்டத்தட்ட 17 சதவீதம். எட்ஜ் விலை இரட்டிப்பாச்சுன்னு அலறுறாங்களே, அதுல பாதிக்கு மேல கேப் ஏறினதால வந்தது.

உங்க எட்ஜோட 7 சாக்கைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். சாக் வருஷத்துக்கு வருஷம் தாறுமாறா ஏறி இறங்கும், பிரஷர் (குவார்ட்டர்பேக்கை நெருங்கி அவசரப்படுத்தறது) அவ்வளவு ஆடாது. குவார்ட்டர்பேக் பந்தை வச்சுக்கிட்டே நின்னதால கிடைச்சதும், பக்கத்துல ஆடற லைன்மேன் துரத்திவிட்டு இவர் மடியில வந்து விழுந்ததும் சாக்தான். அதனால பாஸ் ரஷ் பண்ணின ஸ்நாப்ல (ஸ்நாப்னா ஒரு பிளே) எத்தனை சதவீதம் பிரஷர்னு எடுங்க. அதுலயும் ஸ்க்ரீன் (சட்டுனு தட்டிவிடற குட்டி பாஸ்), ஓடற மாதிரி ஏமாத்தி எறியற பிளே ஆக்‌ஷன், பந்து உடனே கையை விட்டுப் போன பிளே எல்லாத்தையும் கழிச்சுட்டுப் பாருங்க. அடுத்து, எதிர் டீம் இவருக்காகக் கூடுதல் ஆளா டைட் எண்டையோ ரன்னிங் பேக்கையோ நிறுத்தி இடிக்க வைக்கிறாங்களான்னு ஃபிலிம்ல பாருங்க. இடிக்க வச்சும் பிரஷர் வருதுன்னா அந்த ஆளை விடாதீங்க.

இன்னொண்ணு, மொத்த ஸ்நாப்ல எவ்வளவு நேரம் களத்துல இருந்தார்ங்கறது. பிரைஸ் ஹஃப் 2023ல ஜெட்ஸ்ல 10 சாக் எடுத்தார், ஆனா பாதிக்கும் குறைவான ஸ்நாப்தான் ஆடினார், அதுவும் பெரும்பாலும் பாஸ் வரும்னு தெரிஞ்ச டவுன்ல (டவுன்னா பத்து கஜம் போகக் கிடைக்கற நாலு முயற்சியில ஒண்ணு). அதை நம்பி ஈகிள்ஸ் மூணு வருஷத்துக்கு 51 மில்லியன் கொடுத்தாங்க. 2024 சீசன்ல வந்தது 2.5 சாக். சூப்பர் பவுல் அன்னைக்கு ஆடுற பட்டியல்லயே அவர் பேர் இல்லை. ரன் டவுன்லயும் நிக்கற எட்ஜும் மூணாவது டவுனுக்கு மட்டும் இறங்குற எட்ஜும் ஒரே விலை இல்லை.

கடைசியா, கொடுக்கறதுன்னு முடிவானா சீக்கிரம் கொடுங்க. டிராஃப்ட்ல (கல்லூரி ஆட்களை டீம்கள் வரிசையா எடுக்கறது) எடுத்தவருக்கு மூணாவது ரெகுலர் சீசன் முடிஞ்சதுமே எக்ஸ்டென்ஷன் போடலாம். எட்ஜ் ஆட்களோட வருஷ சராசரியைப் பாருங்க: 2025 மார்ச்ல மேக்ஸ் க்ராஸ்பி 35.5 மில்லியன், அதே மாசம் மைல்ஸ் காரெட் 40, ஜூலைல டி.ஜே. வாட் 41, ஆகஸ்ட் கடைசில பார்சன்ஸ் 47. கையெழுத்தை ஆறு மாசம் தள்ளிப் போட்டதுக்கு வருஷத்துக்குப் பத்து மில்லியன் தண்டம்.

நிக்கல் பேக்கேஜ் எழுதியது:

எட்ஜ் விஷயத்துல அண்ணன் சொன்னதுக்கு மறுபேச்சு இல்லை. நான் கார்னரைப் பத்திச் சொல்றேன். 8 இன்டர்செப்ஷனுக்குப் பணம் கொடுக்காதீங்க, கவரேஜுக்கு (ரிசீவரை எவ்வளவு இறுக்கமா ஒட்டி நிக்கறார்ங்கறதுக்கு) கொடுங்க. ஜே.சி. ஜாக்சன் பேட்ரியட்ஸ்ல நாலு வருஷத்துல 25 இன்டர்செப்ஷன். 2022ல சார்ஜர்ஸ் அஞ்சு வருஷம், 82.5 மில்லியன் கொடுத்தாங்க. பெஞ்சுல உக்கார வச்சாங்க, அப்புறம் முழங்கால் தசைநாண் கிழிஞ்சது, 2023 அக்டோபர்ல திரும்ப பேட்ரியட்ஸுக்கே தள்ளிவிட்டாங்க. இன்டர்செப்ஷன்ல பாதி, யார் மேலயோ பட்டுத் தெறிச்ச பந்தும் அவசரத்துல எறிஞ்ச பந்தும்தான். அவசரப்படுத்தினது உங்க எட்ஜ்!

ஃபிலிம் போட்டு அந்த எட்டையும் ஒவ்வொண்ணாப் பாருங்க. சேஃப்டி (கடைசி வரிசையில நிக்கறவர்) உதவி மேல இருந்ததா, ஸோன்ல (ஆளை இல்லாம ஒரு இடத்தைக் காக்கறது) நின்னு குவார்ட்டர்பேக் கண்ணைப் பார்த்து எடுத்ததா, இல்லை எதிர் டீமோட முதல் ரிசீவரைத் தனியா ஒட்டிக்கிட்டு எடுத்ததா? மூணாவது ரகத்துக்கு மட்டும்தான் உச்ச விலை. பேட்ரிக் சர்டெய்ன் அந்த ரகம். பிராங்கோஸ் 2024 செப்டம்பர்லயே நாலு வருஷம் 96 மில்லியன்னு முடிச்சுட்டாங்க. அடுத்த மார்ச்லயே ஜேசி ஹார்ன் வருஷத்துக்கு 25 மில்லியனுக்கும், டெரெக் ஸ்டிங்லி 30க்கும் போயிட்டாங்க.

மத்த கார்னர்களுக்கு சீஃப்ஸ் வழிதான் சரின்னு எனக்குப் படுது. 2022ல சார்வேரியஸ் வார்டை விட்டாங்க, அதே வருஷம் முதல் ரவுண்டுல ட்ரென்ட் மெக்டஃபியை எடுத்தாங்க. 2024ல லஜாரியஸ் ஸ்னீடுக்கு ஃப்ரான்சைஸ் டேக் (கான்ட்ராக்ட் முடிஞ்சவரை ஒரு வருஷத்துக்கு டீமே பிடிச்சு வைக்கறது) போட்டு டைட்டன்ஸுக்கு ட்ரேட் பண்ணிட்டு, பெரிய பணத்தை டிஃபென்ஸ் லைன்ல உள்ளே நிக்கற கிறிஸ் ஜோன்ஸுக்குக் கொடுத்தாங்க: அஞ்சு வருஷம், 158.75 மில்லியன். ஆனா இதுல ஒரு சிக்கல், கார்னரை டிராஃப்ட்ல எடுத்துத் தேத்துற கோச் உங்ககிட்ட இருக்கணும். அது இல்லாம நட்சத்திரத்தை விட்டா, அடுத்த ரெண்டு வருஷம் வெளியில போய் நடுத்தர கார்னருக்கு 15 மில்லியன் அழுதுக்கிட்டு இருப்பீங்க.

கேப் கணக்கு எழுதியது:

தொகை எப்படிப் பிரியுதுன்னு கேட்டிருந்தீங்க. ஒரு உதாரணக் கணக்கு. பழைய கான்ட்ராக்ட்ல ஒரு வருஷம் பாக்கி, அதுக்கு மேல புதுசா நாலு வருஷம், சைனிங் போனஸ் 40 மில்லியன். போனஸை அதிகபட்சம் அஞ்சு வருஷத்துக்குப் பரப்பலாம், ஆக வருஷத்துக்கு 8. முதல் வருஷச் சம்பளத்தை 1.5 ஆக இறக்கினா கேப்ல விழுறது 9.5 மட்டும்தான், ஆனா அவர் கைக்கு 41.5 போயிருக்கும். ரெண்டு சீசன் கழிச்சு ஆள் சரியில்லைன்னு வெட்டினா, மிச்ச மூணு வருஷத்து 8ம் சேர்ந்து 24 மில்லியன் ஒரே வருஷத்துல டெட் மணியா (ஆள் போன பிறகும் கேப்ல நிக்கற தொகை) விழும். ஜூன் 1க்குப் பிந்தின கணக்குல வெட்டினா அந்த வருஷம் 8, அடுத்த வருஷம் 16. ட்ரேட் பண்ணினாலும் இந்தப் பாக்கி உங்க தலையிலதான், வாங்கின டீம் கட்டாது.

எத்தனை மில்லியன்னு செய்தியில வர்றதை நம்பாதீங்க. கடைசி வருஷத்துல கேரண்டி இல்லாத 35 மில்லியனைப் போட்டுச் சராசரியை ஊதி விடுவாங்க. முதல் மூணு வருஷத்துல கைக்கு வர்ற காசைக் கூட்டி மூணால வகுங்க, அதுதான் விலை. கேரண்டியிலயும் காயத்துக்கு மட்டும் கேரண்டி வேற, முழு கேரண்டி வேற. மூணாவது வருஷச் சம்பளம் எந்தத் தேதியில முழு கேரண்டியா மாறுதுன்னு தேடிப் பாருங்க. பல கான்ட்ராக்ட்ல அது மார்ச்ல லீக் வருஷம் பிறந்த மூணாவது அல்லது அஞ்சாவது நாள். டீம் கழண்டுக்கணும்னா அதுக்கு முன்னாடி.

மூணாவது டவுன் எழுதியது:

இப்போ புரியுது. அப்போ லைன்பேக்கருக்கு ஃப்ரான்சைஸ் டேக் போட்டு ஒரு வருஷம் ஓட்டிடலாமா? எட்ஜ் போன வருஷம் தொடை தசைப் பிடிப்புல அஞ்சு மேட்ச் ஆடலை, அதையும் கான்ட்ராக்ட்ல சேர்க்க வழி உண்டா?

பழைய 4-3 எழுதியது:

டேக் வேண்டாம். டேக் தொகை பொசிஷன் வாரியா உச்ச சம்பளங்களை வச்சு வருது. 3-4ல (முன்னாடி மூணு லைன்மேன், பின்னாடி நாலு லைன்பேக்கர் இருக்கற அமைப்பு) நின்னுக்கிட்டு ரஷ் பண்ற எட்ஜ் ஆட்களும் லைன்பேக்கர் கணக்குலதான் வர்றாங்க. நடுவுல நிக்கறவருக்கு நீங்க எட்ஜ் விலை கட்டுவீங்க. அதனாலதான் மிடில் லைன்பேக்கருக்கு டேக் போடறதே அபூர்வம்.

150 டாக்கிளை வச்சும் எதையும் சொல்ல முடியாது. ஏழு கஜம் விட்டுட்டுப் பின்னாடி ஓடிப் பிடிச்சாலும் டாக்கிள்தான். மூணாவது டவுன்ல டைட் எண்டைத் தொடர்ந்து ஓட முடியுதா, லைன்மேன் வந்து இடிக்கறதுக்கு முன்னாடி கேப்புக்குள்ள நுழையறாரா, இதைப் பாருங்க (இந்த 'கேப்' லைன்மேன்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளி, சம்பள கேப் இல்ல). ஈகிள்ஸ் 2024ல ஸாக் பானை ஒரு வருஷத்துக்கு 3.5 மில்லியனுக்கு எடுத்தாங்க. அதுவரைக்கும் பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கற பிளேக்கு இறங்கறவங்க), எட்ஜ்னு இருந்தவர். உள்ளே நிறுத்தினதும் ஆல்-ப்ரோ (அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்). அப்புறம் மூணு வருஷம் 51 மில்லியன். இந்த பொசிஷன்ல இப்படி மலிவா ஆள் கிடைக்க வாய்ப்பு இருக்கு, எட்ஜ்ல கிடையாது. உங்க ஆள் உச்ச மிடில் லைன்பேக்கர் ஃபிரெட் வார்னர் தரம்னா மட்டும் யோசிங்க, இல்லைன்னா சந்தைக்கு விடுங்க. பெரிய தொகைக்கு வேற டீம் தூக்கினா அடுத்த வருஷ டிராஃப்ட்ல காம்பென்சேட்டரி பிக் (போன ஆளுக்கு ஈடா ஒரு கூடுதல் தேர்வு) வரும். ஆனா அதே மார்ச்ல நீங்க இன்னொரு டீமோட கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளை அதே அளவு தொகைக்கு எடுத்தா அந்த பிக் அடிபட்டுப் போகும். டீம் வெட்டி விட்டவங்களை எடுத்தா கணக்குல வராது, அங்க தேடுங்க.

காயத்துக்கு வழி உண்டு. மேட்ச் நாள்ல ஆடுற பட்டியல்ல இருந்தாத்தான் கிடைக்கற மாதிரி ஒரு மேட்சுக்கு 1 லட்சம் டாலர்னு பிரிச்சுப் போடுங்க, 17 மேட்சுக்கு 1.7 மில்லியன். போன வருஷம் 12 மேட்ச்தான் ஆடினார்னா இந்த வருஷ கேப்ல 1.2 தான் முதல்ல ஏறும், மிச்ச மேட்ச் ஆட ஆடச் சேரும். சாக் இன்சென்டிவும் அதே மாதிரி. போன வருஷம் 7 எடுத்தவருக்கு 10க்கு மேல போனஸ்னு எழுதினா இப்போ கேப்ல ஏறாது, எடுத்தா அடுத்த வருஷக் கணக்குல கழிப்பாங்க. ஏஜென்ட் இதுக்கெல்லாம் லேசுல ஒத்துக்க மாட்டார், சராசரியில ஒரு மில்லியன் கூட்டிக் கேட்பார். தொடை தசைப் பிடிப்பு திரும்பத் திரும்ப வர்ற ஆள்னா அதைக் கொடுத்துட்டு வாங்கிக்கலாம்.