அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு: மென்பொருள் கருவில் எவ்வளவு போதும்?

ஈசூன்வாசி (செவ்வாய், இரவு 9:12)
சிங்கப்பூரில் செனோக்கோ பக்கம் ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில், குளிர் அறை வெப்பநிலையைப் பதியும் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஓர் இரவு அந்த அறை இரண்டு மணி நேரம் 11 டிகிரியில் கிடந்தது. இரவு வேலையில் இருந்தவர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். காலையில் பதிவைப் பார்த்தால் 4 டிகிரி. குளிர்ந்த உணவு 5 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது அங்கே பாத்திரம் கழுவுகிறவருக்கும் தெரியும். மீனைக் கொட்டிவிட்டார்கள், சரி. பதிவில் 11-ஐ 4 ஆக மாற்றியது யார் என்று மட்டும் இன்று வரை தெரியவில்லை. பழி அந்த இரவுக்காரர் தலையில் விழுந்தது. என் மனசு ஆறவே இல்லை.

அதனால் பதிவேட்டின் மையமாக நிற்கும் ஒரு சின்ன நிரலை, ஒரு கருவை, எழுதுகிறேன். மூன்றே வேலை: சேர், படி, சரிபார். திருத்தவும் அழிக்கவும் வழியே கிடையாது. ஒவ்வொரு பதிவிலும் வரிசை எண், சொன்னது யார், எப்போது நடந்தது, எப்போது பதிவானது, என்ன சொன்னார், முந்தைய பதிவின் ஷா-256 ஹாஷ் (பதிவிலிருந்து கணக்கிடும் 64 எழுத்துக் கைரேகை, பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் இதுவும் மாறிவிடும்). இப்படிப் பதிவுகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். எச்சரிக்கை, அறிக்கை, ஒப்புதல் எல்லாம் கருவுக்கு வெளியே. ஐந்நூறு வரிக்குள் முடிக்கப் பார்க்கிறேன். ஓட்டை எங்கே, சொல்லுங்கள்.

டேபிள்காரன் (இரவு 9:40)
தம்பி, இதற்கு எதற்குப் புதுக் கரு? போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இருக்கிறது. செயலிக்குச் சேர்க்கும் அனுமதி மட்டும் கொடு, திருத்த வந்தால் மறுக்கிற மாதிரி தானாக ஓடும் ஒரு டிரிகர் போடு. ஒரு மதியத்து வேலை. சொந்தமாக எழுதிய பதிவேடுகளை நான் நிறையப் பார்த்தவன். எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் அதைப் படிக்க ஆள் இருக்காது.

ஈசூன்வாசி (இரவு 9:58)
டிரிகரை அட்மின் ஒரு வரியில் நிறுத்திவிடலாம் அண்ணே. அன்று எண்ணை மாற்றியவர் கையிலும் அட்மின் கடவுச்சொல் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் திரையைத் திறக்கவே முடியாது. தடுப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மாற்றினால் காட்டிக்கொடுக்க வேண்டும்.

டேபிள்காரன் (இரவு 10:05)
அதே அட்மின் உன் சங்கிலியையும் மாற்றலாமே! நாலாயிரமாவது பதிவில் கை வைத்துவிட்டு, அங்கிருந்து கடைசி வரை ஹாஷ்களைத் திரும்பக் கணக்கிட வேண்டியதுதான். பத்து லட்சம் பதிவு என்றாலும் சாதாரண மடிக்கணினியில் சில விநாடி. பிறகு உன் ‘சரிபார்’ எல்லாம் சரி என்றே சொல்லும். வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருடன் கையில் கொடுத்த கதைதான் இது.

பேரேடு (இரவு 10:31)
தணிக்கை வேலையில் தலை நரைத்தவள் நான். டேபிள்காரர் சொல்வது சரி. ஆனால் அதற்காகச் சங்கிலியையே விட்டுவிட வேண்டாம். கடைசி ஹாஷ் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991-இல் இதைப் பற்றி எழுதினார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் தன் ஹாஷை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வாராவாரம் விளம்பரமாகப் போட்டது. விற்றுப்போன பத்திரிகையை வீடு வீடாகப் போய் யார் திருத்துவது?

உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். தினமும் மாலை அந்த 64 எழுத்தை முதலாளிக்கும், ஆடிட்டருக்கும், சாப்பாடு வாங்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து பொய் சொல்வது கடினம்.

இன்னொன்று. பழைய பேரேட்டில் தப்பான தொகையை ரப்பர் போட்டு அழிக்க மாட்டோம். ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்போம். உங்கள் கருவிலும் திருத்தம் என்பது பழைய பதிவைச் சுட்டும் ஒரு புதிய பதிவாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசிபெஞ்ச் (இரவு 10:52)
சங்கிலிக்குப் பதிலாக மெர்க்கல் மரம் (ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே உச்சி ஹாஷுக்குக் கொண்டுபோகும் அமைப்பு) வைக்கலாமே? இணையதளச் சான்றிதழ்களை எல்லாரும் பார்க்கும்படி இப்படிப் பதிந்து வைக்கும் முறைக்கான இணைய ஆவணம், ஆர்எஃப்சி 6962, 2013-இலேயே வந்துவிட்டது. பத்து லட்சம் பதிவில் ஒன்றை நிரூபிக்க இருபது ஹாஷ் போதும்.

அப்புறம் ‘சொன்னது யார்’ என்ற இடத்தில் தொழிலாளியின் பெயர் வருமே. தேவை முடிந்த பிறகு தனிநபர் தரவை வைத்திருக்கக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. அழிக்கவே முடியாத பதிவேட்டில் என்ன செய்வீர்கள்?

ஈசூன்வாசி (இரவு 11:20)
பேரேடு அக்கா, நன்றி. தலை ஹாஷை, அதாவது கடைசிப் பதிவின் ஹாஷை, வெளியே அனுப்பும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

மரம் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் நாளுக்கு 288, ஆண்டுக்கு 1,05,120. முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்க்கவே ஒரு விநாடிதான் ஆகிறது. கோடிக்கணக்கில் பதிவு வருகிறவர்களுக்குத்தான் அந்த மரம் தேவை.

பெயர் சங்கிலிக்குள் வராது. ஆளுக்கு ஒரு தற்செயல் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வெளியே, அழிக்கக்கூடிய இடத்தில் இருக்கும்.

டேபிள்காரன் (இரவு 11:34)
தற்செயல் எண் நல்லது. அடையாள அட்டை எண்ணை ஹாஷ் செய்து போட்டுவிடாதே. முன்னால் ஓர் எழுத்து, ஏழு இலக்கம், கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. ஓர் எழுத்துக்கு ஒரு கோடி எண்தான். உட்கார்ந்து எல்லாவற்றையும் ஹாஷ் செய்து பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஈசூன்வாசி (புதன், காலை 7:05)
ராத்திரி சோதித்தபோது ஒன்று கிடைத்தது. ‘கோழி’ என்று இரண்டு பதிவு, ஹாஷ் வேறு வேறு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் ‘ோ’ ஒரே யூனிகோடு குறி. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் வந்த மற்றொன்றில் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி.

டேபிள்காரன் (காலை 7:30)
அதற்குத்தான் சீராக்கம் இருக்கிறது. கருவுக்குள்ளேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடு.

ஈசூன்வாசி (காலை 7:48)
மாட்டேன் அண்ணே. வந்ததை மாற்றிப் பதிவதும் திருத்தம்தான். கரு பைட்டை மட்டும் பார்க்கட்டும். சீராக்கம் அனுப்புகிற செயலியில் இருக்கட்டும்.

டேபிள்காரன் (காலை 7:55)
அப்படியானால் ‘கோழி’ என்று தேடுகிறவனுக்குப் பாதிதான் கிடைக்கும். பிறகு பதிவு காணோம் என்பான்.

பேரேடு (காலை 8:10)
இதில் நான் தம்பி பக்கம். சாட்சி கொச்சையாகப் பேசினாலும் எழுத்தர் அதை அப்படியே எழுத வேண்டும். தேடல் வேறு வேலை, அதற்கு வேறு அட்டவணை போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் தம்பி, நீங்கள் பதிவது உண்மை அல்ல. ‘அறை 11 டிகிரி’ என்று எழுதாதீர்கள். ‘இந்தச் சென்சார் இந்த நேரத்தில் 11 என்று சொன்னது’ என்று எழுதுங்கள். சென்சார் எங்கே மாட்டியிருக்கிறது?

ஈசூன்வாசி (காலை 8:26)
கதவை ஒட்டி. ஆமாம் அக்கா, சரக்கு இறக்கும்போது கதவு திறந்தே கிடக்கும்.

டேபிள்காரன் (காலை 8:41)
சரி, என் முடிவு இது. சேமிப்பு போஸ்ட்கிரஸில் ஒரே டேபிளாக இருக்கட்டும். பேக்கப், டிரான்ஸாக்‌ஷன் எல்லாவற்றையும் நீ எழுத ஆரம்பித்தால் ஐந்நூறு வரி ஐயாயிரம் ஆகிவிடும். தலை ஹாஷ் வெளியே போவதை ஒப்புக்கொள்கிறேன். பைட்டு விஷயத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.

ஈசூன்வாசி (காலை 8:59)
சேமிப்பு எங்கே என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, போஸ்ட்கிரஸே இருக்கட்டும். ஆனால் சரிபார்க்கும் நிரல் தனியாக இருக்கும். ஒரு சாதாரண உரைக்கோப்பைக் கொடுத்தால், நானோ சர்வரோ இல்லாமல் ஆடிட்டர் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்று மாலை முதல் தலை ஹாஷ் மூன்று பேருக்குப் போகும். நான்காவதாக அந்த இரவுக்காரருக்கும் அனுப்புகிறேன். இப்போது செனோக்கோ கிளம்புகிறேன், சென்சாரைக் கதவோரத்திலிருந்து மாற்ற வேண்டும். மாற்றியதும் அதையே முதல் பதிவாகப் போடுகிறேன்.