பூன் சோய்க்குக் 'கூட்டாஞ்சோறு' சரிவருமா?

நண்பர்களே,

பலர் ஒரே பாத்திரத்திலிருந்து பகிர்ந்து சாப்பிடும் சீன உணவுகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்: பூன் சோய் (ஹாங்காங் கிராமங்களின் அடுக்கு விருந்து), ஹாட்பாட் (மேசையில் கொதிக்கும் சாற்றில் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது), யூஷெங் (புத்தாண்டுப் பச்சை மீன் கலவை). நம் மடலாடலில் ஒருவர் கேட்டது:

> பூன் சோய், ஹாட்பாட், யூஷெங் மூன்றையும் 'கூட்டாஞ்சோறு' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடலாமே?

வேண்டாம் என்பேன். கூட்டாஞ்சோறு என்றால் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு கொண்டுவந்து சேர்த்துச் சமைப்பது. திருநெல்வேலிப் பக்கம் அரிசியும் பருப்பும் காய்கறியும் ஒன்றாக வெந்த தனிச் சாப்பாட்டுக்கே அதுதான் பெயர். பூன் சோயில் எதையும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பதில்லை.

ஹாங்காங்கின் நியூ டெரிட்டரீஸ் பகுதியில் பழைய மதில் கிராமங்கள் உண்டு. கல்யாணம், மூதாதையர் வழிபாடு, ஆண் குழந்தை பிறந்ததற்கு விளக்கேற்றும் சடங்கு, எதுவானாலும் அங்கே மேசைக்கு ஒரு பெரிய பாத்திரம் வரும். அடியில் முள்ளங்கி, பன்றித்தோல், காய்ந்த சோயாப்பால் ஆடை. நடுவில் மெதுவாக வெந்த பன்றி இறைச்சி. மேலே கோழி, வாத்து, இறால். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சமைத்து அடுக்குவார்கள். மேலிருந்து சாப்பிட்டுக்கொண்டே கீழே போக வேண்டும். சாறெல்லாம் இறங்கி முள்ளங்கியில் ஊறிக் கிடக்கும். ருசி தெரிந்தவர்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள்.

சீனாவின் தென் சுங் வம்ச அரசன் மங்கோலியப் படைக்குத் தப்பி ஓடிவந்தபோது, அத்தனை பேருக்கும் பரிமாறப் பாத்திரம் போதாமல் ஊர்க்காரர்கள் மரத்தொட்டிகளில் போட்டுக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பெயரில் இருப்பது பாத்திரம்தான். பூன் என்றால் தொட்டி, சோய் என்றால் பதார்த்தம். விருந்துக்குப் போவதையே அந்த ஊர்களில் 'சிக் பூன்' என்கிறார்கள், அதாவது தொட்டி சாப்பிடுவது. நம் சமையற்காரர் 'எத்தனை இலை?' என்று கேட்கிற மாதிரி. 2017இல் ஹாங்காங்கின் வாழும் மரபுப் பட்டியலில் ஏறிய 20 இனங்களில் இதுவும் ஒன்று. அங்கும் பதிவானது 'சிக் பூன்' என்ற செயல்தான்.

ஆக, நமக்கு வேண்டிய சொல் ஒரே பாத்திரத்துக்குப் பலர் கை நீட்டுவதைச் சொல்ல வேண்டும். 'சமபந்தி' பொருந்தாது, பந்தியில் ஆளுக்கு ஓர் இலை. எச்சில் பார்க்கும் தமிழில் இதற்குச் சொல்லே கிடையாது என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். ஏன் கிடையாது? காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ ஒரு முஸ்லிம் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்: சஹன். இலங்கை முஸ்லிம்களிடமும் உண்டு. அரபியிலிருந்து வந்தாலும் தமிழில் நன்றாக ஊறிய சொல். ஆனால் பன்றி இறைச்சியை நடுவில் வைத்துக்கொண்டு 'சீனச் சஹன்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை: பொதுப்பெயர் 'ஒருகல உணவு'. பூன் சோய்க்கு 'அடுக்குக் கலவிருந்து'. ஹாட்பாட்டின் சீனப் பெயரை நேராக மொழிபெயர்த்தால் 'தீச்சட்டி'. அதை மாரியம்மனுக்குத்தான் எடுக்க முடியும். 'கொதிகலன்' பாய்லருக்குப் போய்விட்டது. எனவே 'கொதிசட்டி'. யூஷெங்கைத் தொடவே வேண்டாம். சீனப் புத்தாண்டுக்குப் பச்சை மீனையும் துருவிய காய்கறியையும் எல்லாரும் குச்சியால் உயரத் தூக்கிக் கிளறும்போது, சிங்கப்பூர் ஆபீஸ்களில் தமிழர்களும் 'லோ ஹெய்' என்றுதான் கத்துகிறார்கள். புழங்கும் சொல்லைப் பிடுங்குவானேன்?

*

மறுமொழி:

'ஒருகல உணவு' சரி. 'அடுக்குக் கலவிருந்து' மட்டும் வேண்டாம் ஐயா. வரி முடிவில் 'கலவி' என்று உடைந்தால் அச்சில் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? அப்புறம், பொதுக் குச்சியை மறந்துவிட்டீர்கள். பாத்திரத்திலிருந்து எடுக்க ஒரு ஜோடி, வாயில் வைக்க ஒரு ஜோடி. 2003இல் வந்த சார்ஸ் தொற்றுநோய்க்குப் பிறகு ஹாங்காங்கில் அந்தப் பழக்கம் இன்னும் பரவியது. எச்சில் அவர்களுக்கும் தெரியும்.

*

மறுமொழி:

ஐயோ, கவனிக்கவே இல்லை! 'அடுக்குத்தாழி' என்று மாற்ற நினைத்தேன், உடனே முதுமக்கள் தாழி ஞாபகம் வந்து பசி போய்விட்டது. 'அடுக்குச்சட்டி' என்று வைத்துக்கொள்கிறேன். பொதுக் குச்சிக்குப் 'பரிமாறுகுச்சி' போதுமா?