மார்ஃபின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமா? கூடவே நால்ட்ரெக்சோன் கொடுக்கலாமா?

மஞ்சக்குப்பத்தான்:
அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஜிப்மரில் பார்க்கிறோம். வலிக்கு மார்ஃபின் 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. மார்ஃபின் எதிர்ப்பு சக்தியை அழித்துவிடும், நால்ட்ரெக்சோன் கொஞ்சமாகப் போட்டால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைச் சித்தப்பா வாசித்துக் காட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து அம்மா ராத்திரி மாத்திரையை விழுங்காமல் முந்தானையில் முடிந்துகொள்கிறார், விடிய விடிய முனகல். எவ்வளவு உண்மை இது?

பாகூர் நர்ஸ்:
தம்பி, நால்ட்ரெக்சோனை வாங்கிவிடாதீங்க. மார்ஃபின் போய் உட்காரும் அதே இடத்தில் இது உட்கார்ந்து அதைத் தள்ளிவிடும், அடங்கியிருந்த வலி மொத்தமாகத் திரும்பும், வாந்தி, பேதி, வியர்வை, தவிப்பு எல்லாம் சேர்ந்து வரும். கொஞ்சமாகப் போட்டாலும் ஆபத்துதான். முடிந்து வைத்த மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீங்க, எத்தனை வேளை விட்டுப்போனது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்க. அடங்காத வலியும் தூக்கம் கெடுவதும்கூட எதிர்ப்பு சக்தியை இறக்கும் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்க.

புலியூர் பார்மசி:
சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. புற்று செல்களைத் தாக்கும் இயற்கைக் கொல்லி செல்களின் வேகத்தை மார்ஃபின் குறைக்கும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களையும் மந்தமாக்கும், மூளை வழியாகக் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைத் தூண்டியும் இது நடக்கலாம் என்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் பார்த்தது. அறுவை சிகிச்சை செய்த எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்து வலியை அடக்கியபோது புற்று பரவுவது குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள், அதை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை. எல்லா ஓபியாய்டும் (மார்ஃபின் வகை மருந்துகள்) ஒன்றல்ல, அந்த வகையில் பூப்ரினார்ஃபினுக்கு இந்தப் பாதிப்பு குறைவு.

நால்ட்ரெக்சோனுக்கு அமெரிக்காவில் 1984-ல் அனுமதி கிடைத்தது ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு, 50 மில்லிகிராம் அளவில். பிறகு நியூயார்க்கில் பெர்னார்ட் பிஹாரி என்ற டாக்டர் அதையே சில மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார், மார்ஃபின் உட்காரும் அந்த இடத்தைச் சில மணி நேரம் அடைத்துவிட்டால், உடம்பு தானே சுரக்கும் வலி நிவாரணியான எண்டார்ஃபினைக் கூடுதலாகச் சுரக்கும் என்பது கணக்கு. ஃபைப்ரோமையால்ஜியா (உடம்பெங்கும் நாள்பட்ட வலி), குரோன்ஸ் (குடல் அழற்சி) நோய்களில் சின்னச் சின்னச் சோதனைகள் நடந்திருக்கின்றன, புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

மஞ்சக்குப்பத்தான்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். மலச்சிக்கல் வேறு பாடாய்ப் படுத்துகிறது, அதற்கு ஏதாவது?

புலியூர் பார்மசி:
மார்ஃபினோடு மலமிளக்கியும் தினம் எழுதித் தருவார்கள், சீட்டைப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் மெத்தில்நால்ட்ரெக்சோன் என்று ஒரு ஊசி உண்டு, அது மூளைக்குள் போகாது, குடலில் மட்டும் மார்ஃபினைத் தடுக்கும், வலி நிவாரணம் கெடாது. அது டாக்டர் முடிவு பண்ண வேண்டியது.

பாகூர் நர்ஸ்:
கீமோ நடக்கிறதா தம்பி? நடந்தால் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டவுடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க, ராத்திரியானாலும் விடியட்டும் என்று இருக்காதீங்க.