பித்தப்பை நீக்கி எட்டு மாதமாகியும் காலை வயிற்றுப்போக்கு நிற்கவில்லை

கேள்வி: பாபநாசம் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. தஞ்சாவூரில் குடியிருந்துகொண்டு, பாபநாசம் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளிக்குத் தினமும் பேருந்தில் சென்று வருகிறேன். கடந்த ஆடி மாதம் ஒரு நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, முதுகு வழியாகத் தோள்பட்டை வரை ஏறி, வாந்தியும் சேர்ந்துகொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பை நிறையக் கற்கள் இருப்பது தெரிந்தது. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பழைய வலி அதன் பிறகு ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த வகையில் அறுவைச் சிகிச்சையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போதுள்ள தொல்லை வேறு. காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ எழுவதற்குள் வயிறு இரையத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள் நிறத்தில், தண்ணீராக, சில நாட்களில் ஆசனவாய் எரியும்படி போகிறது. எட்டு மணிக்குள் மூன்று முறையாவது போய்வர வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் நம்பிப் பேருந்தில் ஏற முடியவில்லை. ஒரு நாள் அய்யம்பேட்டையில் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே விடும்படி கேட்க நேர்ந்தது. அந்த வீட்டு அம்மா முகம் சுளிக்காமல் வழிகாட்டினார் என்றாலும், அன்றிலிருந்து பள்ளி நாட்களில் காலை உணவையே விட்டுவிட்டேன். பதினொரு மணி இடைவேளையில் ஒரு வாழைப்பழம், மதியம் தயிர்சாதம், மாலையில் வீடு திரும்பிய பிறகுதான் வயிறார உணவு என்று நாட்கள் ஓடுகின்றன. மாலையில் தொல்லை ஓரளவு குறைவாகவே இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியாத புதிர்.

தை மாதத்தில் நாத்தனார் மகள் திருமணத்தில் ஒரு மெதுவடையும் கொஞ்சம் நெய்ப் பொங்கலும் சாப்பிட்டதற்கு, தாலி கட்டும் நேரத்தில் நான் மண்டபத்துக் கழிப்பறையில் இருந்தேன்.

அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டபோது, "பித்தப்பை இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள், போகப்போகச் சரியாகிவிடும்" என்றார். எட்டு மாதம் என்பது "போகப்போக" என்பதில் அடங்குமா, இது வாழ்நாள் முழுவதும் தொடருமா, இதற்கென்று பத்தியமோ மருந்தோ உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: காவிரிக்கரையான்

வணக்கம் அம்மா. எனக்கு 2014-ல் பித்தப்பையை நீக்கினார்கள். அப்போது வங்கிப் பணியில் இருந்தேன். நீங்கள் எழுதியிருக்கும் காலை நேரத்து ஓட்டம் எனக்கும் நான்கு மாதம் இருந்து, பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. எனக்குக் குறைந்தது என்பதற்காக உங்களுக்கும் தானாகக் குறைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்தான். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அதற்கு எத்தனை நேரம் கழித்து வயிறு போனது என்று ஆறு வாரம் எழுதினேன். எண்ணெய் என்றாலே ஆகாது என்று நான் நினைத்திருந்தது தவறு என்பது அதில் தெரிந்தது. ஒரு நாள் முழுவதும் பரவலாக மூன்று தேக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால் ஒன்றும் ஆகவில்லை. அதே மூன்று தேக்கரண்டி ஒரே வேளையில் இரண்டு பூரியாக உள்ளே போனால் அரை மணி நேரத்தில் பதில் வந்தது. வெறும் வயிற்றில் குடித்த டிகிரி காபி இன்னொரு குற்றவாளி. காபியை நிறுத்த மனம் வராமல், சிற்றுண்டிக்குப் பிறகு அரை டம்ளராக மாற்றிக்கொண்டேன். பரோட்டா சால்னா, தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம், நெத்திலி வறுவல் ஆகியவற்றோடு ஓராண்டு உறவை முறித்துக்கொண்டேன். புழுங்கலரிசிக் கஞ்சி, இடியாப்பம், பாசிப்பருப்புக் கடைசல், சுரைக்காய், புடலங்காய், நீர்மோர் இவை ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

ஒரு தவற்றை நீங்கள் செய்யாதிருக்கச் சொல்கிறேன். பயத்தில் நான் எண்ணெயையும் நெய்யையும் அடியோடு நிறுத்தி, மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்து, சட்டை தொங்க ஆரம்பித்த பிறகு ஓர் உணவியல் நிபுணரிடம் போனேன். அவர் கடிந்துகொண்டதோடு, கொழுப்பே இல்லாமல் வாழப் பழகுவது ஒரு சிகிச்சை ஆகாது என்று எடுத்துச் சொன்னார். காலை உணவை விட்டுவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை; பசியோடு ஐந்து மணி நேரம் வகுப்பில் நிற்பது எத்தனை நாளைக்கு நடக்கும்?

பதில்: முன்னாள் செவிலி, கோவை

இரைப்பை, குடல் நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்ல, ஆகவே நான் எழுதுவதை மருத்துவரிடம் நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லீரல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சி, 30 முதல் 50 மில்லியாகக் கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் சுருங்கி வெளியே தள்ளும். அந்தப் பை போன பிறகு சுரப்பு நின்றுவிடுவதில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பித்தநீர் சொட்டுச் சொட்டாகக் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கும். குதிரைக்கும் எலிக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது. நாளெல்லாம் மேய்கிற குதிரைக்குப் பித்தநீரைச் சேமித்து வைக்க வேண்டிய தேவை இல்லை. 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாக ஒரு நோயாளியின் பித்தப்பையை வெற்றிகரமாக நீக்கிக் காட்டிய நாளிலிருந்து மனிதரும் அது இல்லாமல் வாழ முடியும் என்பது தெரிந்ததுதான். ஆனால் நாம் குதிரையைப் போல மேய்வதில்லை, மூன்று வேளை உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுகிறோம். பெரும்பாலானவர்களின் குடல் இந்த மாற்றத்துக்குச் சில வாரங்களில் பழகிவிடுகிறது. பத்துப் பேரில் ஒருவர் இருவருக்குப் பழகுவதில்லை.

பித்தநீரில் உள்ள பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைச் சிறுகுடலின் கடைப்பகுதி திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். அந்த உறிஞ்சலையும் மிஞ்சி அவை பெருங்குடலுக்குள் போய்விட்டால், குடல் நீரை வெளியே விட ஆரம்பிக்கும், இயக்கமும் வேகமாகும். நீர்த்த மஞ்சள் நிறம், எரிச்சல், அடக்க முடியாத அவசரம் ஆகிய மூன்றையும் நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு இதுதான் மனத்தில் வந்தது. உங்கள் புதிருக்கும் இதில் ஓரளவு விடை இருக்கிறது. பித்தப்பை இருந்தால் இரவு முழுவதும் அதில் தங்கியிருக்க வேண்டிய பித்தநீர் இப்போது சிறுகுடலில் சேர்ந்து கிடக்கிறது. காலையில் வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசைந்து, அந்த மொத்தத்தையும் கீழே தள்ளிவிடுகிறது.

இதற்குப் "பித்த அமில வயிற்றுப்போக்கு" என்று பெயர் உண்டு, மருந்தும் உண்டு. கொலஸ்டிரமின் என்னும் தூள் குடலிலேயே பித்த அமிலத்தைப் பிடித்து வைத்து மலத்தோடு வெளியேற்றிவிடும். இரத்தத்தில் அது கலப்பதில்லை. தண்ணீரில் கலக்கினால் மணல் கரைத்ததுபோல் இருக்கும், சிலருக்கு மலச்சிக்கலையும் உப்புசத்தையும் தரும். எல்லா மருந்துக் கடைகளிலும் இருக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கலாம். மருத்துவர் எழுதித் தராமல் இதைத் தொடங்க வேண்டாம். ஏனென்றால் பித்தப்பை நீக்கியவருக்கு வரும் வயிற்றுப்போக்கெல்லாம் பித்தநீரால் வருவதல்ல.

ஆகவே சில கேள்விகள். வேறு என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள்? இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போக நேர்கிறதா? மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை ஏதேனும் உண்டா? குளிர்க்காய்ச்சல், கண் மஞ்சளாதல், சிறுநீர் தேநீர் நிறத்திலும் மலம் வெளிறியும் போதல், பழைய இடத்திலேயே வலி திரும்புதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்; பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாயான பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கலாம், நாளம் சுருங்கியிருக்கலாம். பித்தப்பையை எடுத்த பிறகும் நாளத்தில் கல் இருக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பதில்: பாபநாசம் டீச்சர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரத்தம், காய்ச்சல், மஞ்சள் காமாலை எதுவும் இல்லை. இரவில் எழுந்ததும் இல்லை. எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. நான் சாப்பிடுகிற லட்சணத்துக்கு அது வியப்பில்லை.

மாத்திரைகளைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அறுவைக்கு முன் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்ததால் 500 மில்லிகிராமாக இருந்ததைக் காலையும் இரவும் 1000 ஆக உயர்த்தினார்கள். தைராய்டுக்குத் தைராக்சின் 75 மைக்ரோகிராம், விடிந்ததும் வெறும் வயிற்றில். இவற்றுக்கும் வயிற்றுக்கும் தொடர்பு இருக்குமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதில்: இயற்கை வழி

சகோதரிக்கு வணக்கம். ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து இரவில் குடித்தால் ஈரல் சுத்தமாகிவிடும். என் மைத்துனர் குடித்து, மறுநாள் பச்சை நிறத்தில் இருபது கற்கள் வெளியே வந்ததைக் கண்ணாரப் பார்த்தோம். ஆங்கில மருந்துக்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பதில்: முன்னாள் செவிலி, கோவை

அந்தப் பச்சை உருண்டைகள் கற்கள் இல்லை ஐயா. குடித்த எண்ணெயே குடலில் சோப்பாக உறைந்து வெளிவருவது. சந்தேகமிருந்தால் அடுத்த முறை அவற்றை வெயிலில் வைத்துப் பாருங்கள், உருகிவிடும். இரண்டு கரண்டி நெய்ப் பொங்கலுக்கே இப்படித் தவிக்கிற ஒருவரைக் கோப்பை நிறைய எண்ணெய் குடிக்கச் சொல்ல வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சர் அம்மா, மெட்ஃபார்மின் விவரம் முக்கியமானது. அந்த மாத்திரையே பலருக்கு வயிற்றுப்போக்கைத் தரும். அளவு கூடும்போது அதிகம் தரும். அறுவையும் அளவு உயர்வும் ஒரே மாதத்தில் நடந்ததால் பழி முழுவதும் பித்தப்பையின் மேல் விழுந்திருக்கலாம், அல்லது இரண்டும் பங்கு போட்டிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியுமா என்று சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். தைராக்சின் அளவு தேவைக்கு மேல் போனாலும் வயிறு போகும் என்பதால் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: பாபநாசம் டீச்சர்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. நடுவில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணி வந்துவிட்டது. டி.எஸ்.எச். சரியாக இருந்தது. மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, அளவையும் குறைத்து, வேறொரு மாத்திரை சேர்த்தார்கள். பத்து நாளில் மூன்று முறை என்பது இரண்டானது, எரிச்சலும் அவசரமும் அப்படியே இருந்தன. பிறகு குடல் நோய் நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே "காலையில்தானே?" என்று கேட்டார். கொலஸ்டிரமின் தூளை எழுதித் தந்தார். மணல் கரைத்தது என்று நீங்கள் சொன்னது மிகையில்லை. மோரில் கலந்தால் விழுங்க முடிகிறது. நான்காம் நாள் மலச்சிக்கல் ஆகிவிட்டது, அளவைப் பாதியாக்கினார். இப்போது காலையில் ஒருமுறை, கெட்டியாக. இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறேன். வடையை இன்னும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். தைராக்சின் காலை ஐந்தரைக்கு, தூள் இரவு உணவோடு. இந்த இடைவெளி போதுமா?

பதில்: முன்னாள் செவிலி, கோவை

போதும். தூள் பக்கத்தில் வருகிற எந்த மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், மற்ற மாத்திரைகளைத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவோ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுத்துக்கொள்ள வேண்டும். இரவு எட்டுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் ஒன்பதரை மணி நேரம் இருக்கிறது. உங்கள் இரவு மெட்ஃபார்மினை மட்டும் எப்போது போடுவது என்று நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நாள் தொடர்வதானால் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வது குறையக்கூடும். அதற்கான பரிசோதனையையும் அப்படியே நினைவூட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று அவரே பேச்சை எடுப்பார். எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள்.

பதில்: காவிரிக்கரையான்

மகிழ்ச்சி அம்மா. வடையைப் பள்ளி விடுமுறை நாளில், வீட்டில், ஒன்றே ஒன்றாகச் சோதியுங்கள். நோட்டில் எழுத மறந்துவிடாதீர்கள்.