சனிக்கிழமை மதியம் டிவியில் வந்த குட்டிப் பந்து பௌலிங், யாருக்காவது நினைவிருக்கிறதா?

வால்தம்_பையன்:
எண்பதுகளில் பாஸ்டன் பக்கம் வளர்ந்தவன் நான். சனிக்கிழமை மதியம் 5-ஆம் சேனலில் பௌலிங் வரும். அப்பா சாதத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். “இது பௌலிங்கா, ஸ்டம்ப்பை நட்டுவெச்ச மாதிரி இருக்கே” என்பார், ஆனால் சேனலை மாற்ற விடமாட்டார். பந்து உள்ளங்கையில் அடங்கும், விரல் நுழைக்கத் துளை கிடையாது. நட்டுவைத்த கட்டைகளைப் பந்தால் சாய்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒருவருக்கு மூன்று பந்து. விழுந்த கட்டைகளை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பந்தை உருட்டுவார்கள். இப்போது டெக்சாஸில் வேலை. இதைச் சொன்னால் ஆபீஸில் ஒருவரும் நம்பவில்லை, கனவு கண்டிருப்பாய் என்கிறார்கள். அது என்ன ஆட்டம்? உங்கள் ஊர் டிவியிலும் இப்படி ஏதாவது வந்ததா?

வூஸ்டர்வாசி:
கனவெல்லாம் இல்லை தம்பி. அது கேண்டில்பின், மெழுகுவர்த்தி போல ஒல்லியான கட்டைகளை வைத்து ஆடும் பௌலிங். மாசசூசெட்ஸில் எங்கள் வூஸ்டரில் 1880-ல் பிறந்த ஆட்டம். நீங்கள் பார்த்த நிகழ்ச்சி 1958-ல் தொடங்கி 1996 வரை ஓடியது. உங்கள் காலத்தில் வர்ணனை டான் கில்லிஸ். கத்தமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போல இருக்கும்.

விழுந்து கிடக்கும் கட்டைக்கு ‘வுட்’ என்று பெயர். ஆட்டத்தின் ருசியே அதில்தான். ஒரு கட்டை குறுக்கே கிடக்கும். அதன் நுனியில் பந்தைத் தட்டினால் அது சுழன்று போய், பந்து எட்டவே எட்டாத மூலைக் கட்டையைச் சாய்க்கும். அதே வுட் சில சமயம் முன்னால் படுத்துக்கொண்டு பந்தையே தடுத்துவிடும். மூன்று பந்து கொடுத்தும் இதுவரை யாரும் ஓர் ஆட்டத்தின் முழுப் புள்ளியான 300 போட்டதில்லை, உச்சம் 245. மூன்று ஸ்ட்ரிங் கூட்டி 400 வந்தாலே பெரிய விஷயம். (இங்கே ஒரு ஆட்டத்துக்கு ‘ஸ்ட்ரிங்’ என்றுதான் பேர்.) டென்பின்னில் (பெரிய பந்தில் ஆடும் வழக்கமான பௌலிங்) வரிசையாக ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே எல்லாக் கட்டையும் சாய்வது) விழுவதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும், மன்னிக்கவும்.

மிச்சிகன்_மாமி:
எங்களுக்கு டெட்ராய்ட்டில் 4-ஆம் சேனல், ‘பௌலிங் ஃபார் டாலர்ஸ்’, பாப் ஆலிசன் நடத்துவார். எழுபதுகள். நிகழ்ச்சியின் பெயர் ஒன்றுதான், ஊருக்கு ஊர் டிவி நிலையம் தன் ஆளை வைத்து எடுத்துக்கொள்ளும். லாஸ் ஏஞ்சல்ஸில் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் வர்ணனையாளர் சிக் ஹெர்ன் நடத்தினார். அது சாதாரண டென்பின். அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரைக் போட்டால் ஜாக்பாட், இல்லாவிட்டால் தொகை ஏறிக்கொண்டே போகும்.

ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? வருகிறவர்கள் எல்லாம் கார் ஃபேக்டரி ஆள், டீச்சர், பாட்டி என்று நம்மைப் போன்றவர்கள். பந்தைத் தொடுவதற்கு முன்னால் “எங்க சித்திக்கு ஒரு ஹலோ, டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் ஒரு ஹலோ” என்று பெரிய பட்டியலே வாசிப்பார்கள். அப்புறம் ‘பின் பால்’ (Pin Pal, கட்டைத் தோழர்) என்று ஒன்று. நேயர்கள் அனுப்பிய கார்டுகளில் ஒன்றை ஆடுகிறவர் உருவுவார், அவர் ஜெயிப்பது அந்த நேயருக்கும் கிடைக்கும். நானும் விடாமல் கார்டு போட்டேன். எங்காத்து மாமாவுக்குப் பணத்தைப் பற்றிக் கவலையே இல்லை. “நம்ம பேரை அந்த மனுஷன் எப்படிடீ வாசிப்பான்?” என்பதுதான் கவலை. கடைசிவரை அந்தச் சோதனை ஆலிசனுக்கு வரவில்லை.

வால்தம்_பையன்:
மாமி, சூப்பர்! வூஸ்டர் அண்ணா, இதை அப்படியே ஆபீஸில் காட்டினேன். “மூணு பந்து, அதுவும் குட்டிப் பந்து, 300 போட முடியாதா? நான் போடறேன்” என்கிறார் ஒருவர். அந்த லேன்கள் இன்னும் இருக்கின்றனவா?

வூஸ்டர்வாசி:
குறைந்துவிட்டன, ஆனால் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் பக்கமெல்லாம் இன்னும் இருக்கின்றன. கனடாவின் கிழக்கு மாகாணங்களிலும் ஆடுகிறார்கள். அந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 300 எல்லாம் வேண்டாம், முதலில் 100 போடட்டும். ஷூ வாடகை என் செலவு.